துரைக்குக் கடல் கற்பித்த குழந்தை

முன்னொரு காலத்தில், கீழைக் கடலோரத்து ராஜ்யம் ஒன்றைக் கந்தர்வ பூபதி என்கிற ராஜா ஆண்டுவந்தார். அவருக்குப் பேச்சு என்றால் உயிர். வணக்கம் சொல்லவே அரை நாழிகை எடுத்துக்கொள்வார். ஒருமுறை துறைமுகத்தில் இறங்கிய வெள்ளைக்கார வியாபாரி ஒருவரை, தம் குலப்பெருமை, யானைப்படை, ஏழு தலைமுறைத் திருப்பணி எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொல்லி வரவேற்றார். பக்கத்தில் துபாஷி நின்றிருந்தார். இரண்டு பாஷை தெரிந்து, ஒருவர் பேச்சை மற்றவருக்கு மாற்றிச் சொல்வதுதான் துபாஷியின் வேலை. அவர் வியாபாரியிடம் மூன்றே வார்த்தை சொன்னார். வியாபாரியும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "என் ஏழு தலைமுறையும் மூன்று வார்த்தைக்குள் அடங்கிவிட்டதா?"

அன்றைக்கே ஒரு சட்டம் பிறந்தது. சபையில் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. துபாஷியைத் தவிர வேறு யாரும் அயலாரிடம் வாய் திறக்கவும் கூடாது. பழைய துபாஷி வீட்டுக்குப் போக, அந்த இடத்துக்கு அம்பலவாணர் வந்தார். முளைக்கு ஒரு மாடு கட்டுவதுபோல ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைக் கட்டி மனப்பாடம் செய்தவர் அவர். மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடினாலும் அவர் முளையைத்தான் பார்ப்பார்.

அதே சபையில் இடும்பன் என்றொரு விகடன் இருந்தான். துறைமுகத்து மாலுமிகளிடம் சீட்டாடித் தோற்றுத் தோற்றே அவர்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டவன். ராஜாவைச் சிரிக்கவைத்து அவன் சால்வை வாங்கும்போதெல்லாம் அம்பலவாணருக்கு வயிறு எரியும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் வில்மட் துரை என்கிற கப்பல் தலைவர் சபைக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அம்பலவாணர் தொண்டையைக் கனைத்தார்.

"மகாராஜா! துரை சொல்கிறார்: 'நான் ஒரு குழந்தையிடமிருந்து கடலை அறிந்தேன். இப்போது என் மனைவி குழந்தையோடு இருக்கிறாள். கடல் அடங்கும்வரை அவள் தங்கக் கரையில் ஓர் இடம் வேண்டும்.'"

ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்தே விட்டார். "என்ன! இவ்வளவு பெரிய கப்பலை ஓட்டுகிறவருக்குக் கடல் வித்தை கற்றுக்கொடுத்தது ஒரு குழந்தையா? அந்தக் குழந்தைதான் இப்போது இவர் மனைவியோடு இருக்கிறதா?"

"சொல்லுக்குச் சொல் அப்படித்தான், மகாராஜா."

இடும்பனுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. "மகாராஜா, துரை சொன்னது அதுவல்ல..."

"நான் ஒரு சொல்லைக் கூட்டினேனா, குறைத்தேனா?" என்று அம்பலவாணர் சீறினார். "'ஃப்ரம்' என்றால் 'இருந்து'. 'வித்' என்றால் 'ஓடு'. 'சைல்டு' என்றால் குழந்தை. இதில் கோமாளிக்கு என்ன வேலை?"

"இடும்பா, உனக்குப் பொறாமை" என்றார் ராஜா. அம்பலவாணருக்கு அப்போதே ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. இடும்பன் வாயை மூடிக்கொண்டான். எப்படியோ அந்த அம்மாளுக்குத் தங்க ஒரு வீடு கிடைத்தால் சரி என்று நினைத்தான். அந்த நினைப்பில் மண் விழ வெகு நேரம் ஆகவில்லை.

கடல் குருவை வரவேற்க ஊரே திரண்டது. குழந்தை உட்காரச் சின்னதாக ஒரு தந்தச் சிம்மாசனம் செய்து, சபையில் படைத்தலைவர்களின் ஆசனங்களைவிட உயரமான இடத்தில் போட்டார்கள். 'சமுத்திர பாலகுரு' என்கிற பட்டமும் தயாராக இருந்தது. மேளம் முழங்கப் பல்லக்கு வந்து நின்றது. திரை விலகியது. வீங்கிய கால்களை மெல்ல ஊன்றி, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நிறை வயிற்றோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கினாள்.

ராஜா அவளுக்குப் பின்னால் பார்த்தார். பல்லக்குக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு தலையணைதான் இருந்தது.

"குழந்தை எங்கே?"

அம்பலவாணர் கேட்டுச் சொல்ல, துரை கூச்சத்தோடு மனைவியின் வயிற்றைக் காட்டினார்.

"பிறக்காத பிள்ளையா இவருக்குக் கடல் கற்பித்தது?" என்றார் ராஜா. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ராஜாவின் மீசை துடித்தது.

தோளில் கிடந்த சால்வை நழுவப் பார்க்கிறது என்று அம்பலவாணருக்குப் புரிந்துவிட்டது. "மகாராஜா, குழந்தையைக் கப்பலிலேயே ஒளித்துவிட்டு வந்திருக்கிறார்கள். வித்தை நமக்கு வந்துவிடக் கூடாதே என்கிற வஞ்சகம்!"

"நாளை நண்பகலில் இந்தக் கப்பல் என் துறையை விட்டுப் போக வேண்டும்!"

பாஷை தெரியாவிட்டாலும் கோபம் புரியாமல் போகுமா? அந்தப் பெண் கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இடும்பன் கடலைப் பார்த்தான். மேகம் கறுத்துக் கிடந்தது. அலை படகுத்துறைக்கு மேலே ஏறி அடித்தது. இந்தக் கடலில் இந்த வயிற்றோடா? அவனுக்கு விகடம் எல்லாம் வற்றிப்போயிற்று. ஓடிப்போய் ராஜாவின் முன்னால் விழுந்தான்.

"மகாராஜா, 'வித் சைல்டு' என்றால் கர்ப்பிணி என்று அர்த்தம். துரை பொய் சொல்லவில்லை."

"அந்த இரண்டு சொல்லில் வயிறு எங்கே? கர்ப்பம் எங்கே? காட்டட்டும், நான் பதவியை விட்டுவிடுகிறேன்" என்றார் அம்பலவாணர்.

ராஜா விரலை நீட்டினார். "நாளை நண்பகலுக்குள், என் சட்டத்துக்கு உட்பட்டு, நீ சொல்வதை நிரூபி. முடியாவிட்டால் அந்தக் கப்பலிலேயே நீயும் ஏறிக்கொள்."

இடும்பன் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான். நடந்ததைக் கேட்ட அவன் மனைவி வேலாயி, "கப்பல்ல போறதுன்னா புளிச்சோறு கட்டித் தரேன், நாலு நாள் கெடாது" என்றாள். பிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. "இருந்தாலும் இந்த ராசாவுக்கு என்ன கல்லு மனசு! சொந்த மக முழுகாம இருக்கா, அரமணையே கொண்டாடுது. இந்த நேரத்துல ஒரு பிள்ளத்தாச்சிய யாராவது கடல்ல தள்ளுவாங்களா?"

இடும்பன் நிமிர்ந்தான். "என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லு."

"கல்லு மனசுன்னேன்."

"அது இல்ல, அதுக்கப்புறம்!"

அவள் திரும்பச் சொன்னாள். இடும்பன் துள்ளி எழுந்து, "புளிச்சோறு வேணாம், பாயசம் வை" என்றான்.

மறுநாள் நண்பகலில் சபை கூடியது. துரையும் மனைவியும் விடைபெற வந்து நின்றார்கள்.

"எங்கே நிரூபணம்?" என்றார் ராஜா.

"அதற்குத்தான் வருகிறேன், மகாராஜா" என்றான் இடும்பன். "விருந்தாளி புறப்படும்போது வீட்டுச் சுபச் செய்தியைச் சொல்லி அனுப்புவது நம் வழக்கமல்லவா? இளவரசியின் செய்தியைத் தாங்களே தங்கள் திருவாயால் துரைக்குச் சொல்ல வேண்டும்."

கோபத்திலும் ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. பேசச் சொன்னால் விடுவாரா? மார்பை நிமிர்த்திக்கொண்டு, "துரையே! என் மகள் நான்கு மாதமாக முழுகாமல் இருக்கிறாள்!" என்றார்.

"சொல்லும், துபாஷியாரே" என்றான் இடும்பன். "சொல்லுக்குச் சொல். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அம்பலவாணர் வாயைத் திறந்தார். அர்த்தத்தைச் சொன்னால் நேற்றைய சபதம் போயிற்று. சொல்லைச் சொன்னால் மானம் போயிற்று. ராஜாவோ காத்திருந்தார். வேறு வழியின்றி, ராஜகுமாரி நான்கு மாதமாகக் குளிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார்.

துரையின் கண்கள் விரிந்தன. அவர் மனைவி கைக்குட்டையால் மூக்கை மூடி, அது மரியாதையல்ல என்று உடனே எடுத்துவிட்டாள். இருவரும் கிசுகிசுத்துக்கொண்டார்கள். துரை குனிந்து வணங்கி மிகுந்த பரிவோடு ஏதோ சொன்னார்.

"என்ன வாழ்த்துகிறார்?" என்று ராஜா ஆவலாகக் கேட்டார்.

"மகாராஜா... அது வந்து..."

"சொல்லும்!"

"'கேட்டு வருந்துகிறோம். எங்கள் கப்பலில் பெரிய மரத்தொட்டியும் வாசனைச் சோப்பும் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசியை எப்படியாவது பிடித்து...'"

"பிடித்து?"

"'...குளிப்பாட்டிவிடுங்கள்' என்கிறார்."

திரைக்குப் பின்னாலிருந்து இளவரசி சிரிக்கும் சத்தம் கேட்டது. ராஜா இடிபோல முழங்கினார். "என் மகள் தினமும் இரண்டு வேளை பன்னீரில் குளிக்கிறவள்! முழுகாமல் இருக்கிறாள் என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதுகூடவா தெரியாது?"

"எப்படித் தெரியும், மகாராஜா?" என்றான் இடும்பன் பணிவாக. "தாங்கள் சொன்னதில் வயிறு எங்கே? கர்ப்பம் எங்கே? துரையின் பேச்சிலாவது குழந்தை என்று ஒரு சொல் இருந்தது. நம் பேச்சில் அதுவும் இல்லை. வெறும் குளியல்தான் இருக்கிறது."

இடும்பன் தொடர்ந்தான். "அவர்கள் ஊரில் 'வித் சைல்டு' என்றால் முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் நடுவில் 'எ' என்று ஓரெழுத்து சேர்ந்து, 'வித் எ சைல்டு' என்று ஆகும். அந்த ஓரெழுத்தில்தான் பிள்ளை வயிற்றிலிருந்து இடுப்புக்கு வருகிறது. 'ஃப்ரம் எ சைல்டு' என்பதும் சொல்லுக்குச் சொல் அல்ல; சின்ன வயதிலிருந்தே என்று அர்த்தம். நம் மீனவர்களைக் கேட்டால் 'சின்னப் பிள்ளையிலிருந்து எனக்குக் கடல் தெரியும்' என்பார்கள். அவர்கள் எந்தப் பிள்ளையிடம் பாடம் படித்தார்கள்?"

ராஜா இடும்பனைப் பார்த்தார். காலியாக இருந்த தந்தச் சிம்மாசனத்தைப் பார்த்தார். தாடி அசைந்தது, தோள் குலுங்கியது, பிறகு சபையே அதிரும்படி சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, அந்தப் பெண்ணை அந்தப்புரத்துக்கு அழைத்துப்போகச் சொன்னார். இளவரசிக்கு என்ன உபசாரமோ அதே உபசாரம், அதே மருத்துவச்சி. "கப்பல் தைமாதம் கிளம்பட்டும். சொல்லுக்குச் சொல் சட்டம் இன்றோடு ஒழிந்தது!" என்றார்.

அம்பலவாணர் சால்வையை மடித்து ராஜாவின் காலடியில் வைத்தார். "போர்த்திக்கொள்ளும். ஆனால் இனிமேல் முளையோடு மாட்டையும் பாரும்" என்றான் இடும்பன்.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டார். "துபாஷியாரே, இந்த இடும்பன் என் வயிற்றில் பாலை வார்த்தான் என்று துரையிடம் சொல்லும்."

அம்பலவாணர் மெல்ல நகர்ந்து இடும்பனின் காதருகே வந்தார்.

"ஐயா, இதை எப்படிச் சொல்லட்டும்?"

"பாலை விட்டுவிடும். மகாராஜாவுக்கு மனம் குளிர்ந்தது என்று சொல்லும்" என்று தொடங்கிய இடும்பன், சட்டென்று அவர் கையைப் பிடித்தான். "ஐயையோ, வேண்டாம்! துரை ஓடிப்போய்க் கம்பளி எடுத்துவந்துவிடுவார்."

அது ராஜாவின் காதிலும் விழுந்துவிட்டது. அடங்கியிருந்த சிரிப்பு மறுபடி பீறிட, இரண்டாவது மாலையையும் கழற்றினார்.