மூன்றாவது வணக்கம்

முன்னொரு காலத்தில் செங்காட்டுச் சீமையைத் தும்பைமாலை வழுதி என்றொரு ராசா ஆண்டுவந்தார். பெயரில்தான் போர்ப்பூ இருந்தது. ராசா போருக்குப் போனதே இல்லை. ஆனால் போர் மாதிரி இருக்கும் எதையும் உட்கார்ந்து பார்ப்பதில் கொள்ளைப் பிரியம். கம்பு சுழன்றால் அவர் கண்ணும் கூடவே சுழலும்.

இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் அரண்மனைச் சிலம்ப ஆசான் விருதுராயர். அவர் கம்பெடுத்தால் முதலில் ஏழு வணக்கம். பூமிக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று, குருவுக்கு ஒன்று, ராசாவுக்கு இரண்டு, எதிராளிக்கு ஒன்று, கம்புக்கு ஒன்று. அதற்கப்புறம்தான் மயில் பாய்ச்சல், பம்பரச் சுற்று எல்லாம்.

அந்த வருஷம் கள்ளிமேட்டுப் பாதையில் ஒரு கள்ளன் கிளம்பினான். சந்தைக்குப் போகிற பெண்களின் காதில் தொங்கும் பாம்படத்தை அறுத்துக்கொண்டு ஓடுவதே அவன் வேலை. சேதி அரண்மனைக்கு வந்ததும், "பெண்கள் எல்லாரும் சிலம்பம் படிக்கட்டும்!" என்று உத்தரவு போட்டார் ராசா.

அப்படிப் படிக்கப் போனவர்களில் ஒருத்தி கருப்பட்டி விற்கும் மாடத்தி. பன்னிரண்டு வருஷமாக அதே பாதையில் நடப்பவள். வேண்டாதவன் தலை தெரிந்தால் ஊரே கேட்கக் கூப்பாடு போடுவாள், கையில் கிடைத்ததை அவன்மேல் எறிவாள், ஓட்டமாக ஓடிவிடுவாள்.

"சீச்சீ, கோழை ஓட்டம்! முதலில் அதை மற" என்றார் ஆசான். நாற்பத்தெட்டு நாள் பாடுபட்டு மறந்தாள். அரங்கேற்றத்தன்று முப்பது பெண்கள் ஒரே சமயத்தில் சுற்றிய அழகில் சொக்கிப்போன ராசா, ஆசானுக்குத் தங்கக் காப்பு போட்டார். அழகுக்கு ஒரு குறையும் இல்லைதான்.

அடுத்த சந்தை நாளே மாடத்தி சபையில் வந்து நின்றாள். இடது காதில் மஞ்சள் துணிக் கட்டு.

"என்னம்மா நடந்தது?" என்றார் ராசா.

"ஆசான் சொன்னபடியேதான் செஞ்சேன் மகாராசா. பூமிக்குக் குனிஞ்சேன், கள்ளன் பார்த்துக்கிட்டே நின்னான். வானத்துக்குக் கையெடுத்தேன், பாவம், அவனும் மரியாதையா ஒரு கும்பிடு போட்டான். மூணாவதா குருவை நெனச்சுக் கண்ணை மூடினேன். தெறந்து பார்த்தா கள்ளனும் இல்ல, பாம்படமும் இல்ல."

"மூன்றாவது வணக்கத்தில் முழங்கை காதுக்கு நேராக நிற்க வேண்டும். இவள் தாழ்த்தியிருப்பாள்" என்றார் ஆசான்.

மந்திரி பூவலிங்கம் மெல்லக் கனைத்தார். "பிசகு கள்ளன்மேல்தான் மகாராசா. பெண்களுக்குப் பாடம் நடந்தது, அவனுக்கு நடக்கவில்லையே! ஆசானைக் கள்ளிமேட்டுக்கு அனுப்பினால், ஏழு வணக்கமும் முடியும்வரை காத்திருக்க அவனுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு வருவார்."

சபை சிரித்தது. ஆசானின் மீசை துடித்தது. "நாளைக் காலை நானே கள்ளனாக வருகிறேன். இவள் தன் கோழை ஓட்டத்தையே காட்டட்டும். மிச்சமிருக்கும் பாம்படத்தை நான் எடுத்துவிட்டால், மந்திரி தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிவைக்க வேண்டும்!"

"ஆகட்டும்!" என்று தொடையைத் தட்டினார் ராசா. வேடிக்கை என்றால் அவருக்கு விடிய வேண்டுமே என்றிருக்கும்.

மாடத்தியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பந்தயம் மந்திரியின் மோதிரத்துக்கு, அறுபடப்போவது தன் காது என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. வாசலில் மந்திரியை மறித்தாள்.

"என் காதை வச்சுல்ல விளையாடுறீய?"

"ஆசானிடம் படிக்கப் போவதற்கு முன்னால் உனக்கு என்ன தெரியுமோ, அதைச் செய் தாயி."

"அதை மறக்கத்தானே ஐயா நாப்பத்தெட்டு நாள் ஆச்சு!"

மறுநாள் சபை நிறைந்திருந்தது. மாடத்தி இடுப்பில் கருப்பட்டிப் பெட்டியோடு நின்றாள். ஆசான் கறுப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு கையில் கம்போடு குதித்து வந்தார்.

"ஆசானே, கள்ளன் வேஷத்தில் வணக்கம் உண்டா, இல்லையா?" என்று பணிவாகக் கேட்டார் மந்திரி.

"வணக்கம் இல்லாமல் கம்பு வீச நான் என்ன மாடு மேய்ப்பவனா?"

பூமிக்குக் குனிந்தார். "ஆகா!" என்றார் ராசா. வானத்துக்கு நிமிர்ந்தார். பழக்க தோஷத்தில் மாடத்தியின் கையும் தானாக மேலே எழும்பியது. சட்டென்று காதுக்கட்டு வலித்தது. கையைக் கீழே இழுத்துக்கொண்டாள். மூன்றாவதாகக் குருவை நினைத்து ஆசான் கண்ணை மூடினார்.

அவ்வளவுதான். பெட்டியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். "கள்ளன்! கள்ளன்! ஓடியாங்கய்யா!" என்று கூரை அதிரக் கத்திக்கொண்டே வாசலைப் பார்த்து ஓடினாள். சத்தம் கேட்டு உள்ளே பாய்ந்த நான்கு காவலர்கள் கண்டது, தலையில் பெட்டியோடு தடுமாறும் ஒரு கறுப்புத் துண்டுக்காரனை. காவலர்களுக்கு ஏழு வணக்கம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெட்டியை எடுத்தபோது மீசையெல்லாம் கருப்பட்டித் தூள். "அநியாயம்! இன்னும் நான்கு வணக்கம் பாக்கி இருக்கிறது!" என்று அலறினார் ஆசான்.

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடத்தியைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் நான்கு தெரு தாண்டியிருந்தாள். பாம்படம் காதிலேயே ஆடியது.

"இந்த வித்தைக்கு என்ன பெயர்?" என்று, சபைக்குத் திரும்பி வந்தவளிடம் கேட்டார் ராசா.

"பேர் வைக்க நேரமில்ல மகாராசா."

ஆசானின் கையிலிருந்த காப்பு மாடத்தியின் கைக்கு மாறியது. இனி அவளே பெண்களுக்கு ஆசான். விருதுராயர் சந்தை நாள்தோறும் அவர்களுடைய பெட்டிகளைச் சுமந்து கள்ளிமேட்டில் முன்னால் நடக்க வேண்டும் என்றார் ராசா.

"படிப்பு எத்தனை நாள்?"

"அரை நாள் போதும். தூரத்திலேயே ஆளைப் பார்க்கணும், கத்தணும், ஓடணும். ஓட வழியே இல்லேன்னாதான் கம்பு. அதுவும் முட்டியில ஒரே போடு, சுத்தக் கூடாது."

ராசாவின் முகம் வாடிவிட்டது. "பார்க்க ஒன்றுமே இல்லையே! ஒரு வணக்கமாவது வையேன்."

"வச்சிருவோம் மகாராசா. வீடு போய்ச் சேர்ந்த பெறகு."

அன்றிலிருந்து செங்காட்டில் வணக்கம் கடைசிப் பாடமாயிற்று. முதல் சந்தை நாளில் புதரில் ஏதோ சலசலத்ததும் எல்லாருக்கும் முந்தி ஊர் வந்து சேர்ந்தவர் விருதுராயர்தானாம். வந்த மூச்சிரைப்போடு ஏழு வணக்கத்தையும் போட்டாராம், முழங்கை கொஞ்சமும் தாழாமல்.