முக்கால் செகண்ட்

கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு சின்ன கம்பெனி டிவி ரிமோட் செய்கிறது. பட்டன் வைத்த ரிமோட்டிலேயே முப்பது வருஷம் ஓட்டியவர் வெள்ளிங்கிரி. வயது ஐம்பத்தாறு. வாயால் சொன்னால் கேட்கிற ரிமோட் செய்யப் போகிறோம் என்று கம்பெனி அறிவித்தபோது, நானும் கற்றுக்கொள்கிறேன் என்று தானாகவே பெயர் கொடுத்தார். கற்றுக்கொடுத்தவர் சபீனா. அவருக்கு வயது முப்பத்துநாலு.

கேள்வி கேட்டால் சபீனா சட்டென்று பதில் சொல்ல மாட்டார். அதனால் ஆபீஸில் அவரைக் கேலியாக 'குரு' என்பார்கள். வெள்ளிங்கிரிக்கு மட்டும் அது கேலியாகப் படவில்லை. தினமும் காலையில் நோட்டும் பேனாவுமாக குருவின் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார்.

அவர் இந்தப் புது வேலைக்குப் பெயர் கொடுத்ததே மனைவி ராசாமணிக்காகத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராசாமணிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கைக்குப் பட்டன் பிடிபடவில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சொன்னால் கேட்கிற ரிமோட் ஒன்றைச் செய்து அந்த இடது கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

ரிமோட் தயாராகிவிட்டது. சோதித்துப் பார்த்த நூறு பேரில் தொண்ணூற்றேழு பேருக்குச் சொன்னபடி கேட்டது. திங்கட்கிழமை அது ஆலைக்குப் போகிறது. போன பிறகு உள்ளே ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த ஒன்றை இரண்டு முறை சொல்லிப் பார்த்த ராசாமணி மட்டும், பிறகு அதைக் கையில் எடுப்பதே இல்லை.

வியாழக்கிழமை வெள்ளிங்கிரி குருவிடம் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் கேக்குதுங்க மேடம். எங்க வீட்டுல அவளுக்கு மட்டும் ஏனுங்க கேக்க மாட்டேங்குது?"

"ரிமோட்டுக்குக் கவர் போட்டு வெச்சிருக்கீங்களாண்ணா?"

வெள்ளிங்கிரி அசடு வழிந்தார். புது ரிமோட் வந்தால் பாலிதீன் கவர் மாட்டி ரப்பர் பேண்ட் சுற்றாமல் அவர்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். மைக்குக்கு ஓட்டை வைத்த மனிதரே ஓட்டையின் மேல் கவரையும் மாட்டியிருந்தார்.

"போட்டிருந்தேனுங்க. அப்புறம் கழட்டிட்டேன். கழட்டியும் கேக்கலீங்க."

"ஆள் பேசி முடிச்சாச்சுன்னு ரிமோட்டுக்கு எப்படித் தெரியுது?"

"சத்தம் நின்னதும் முக்கால் செகண்ட் பாக்குமுங்க. அதுக்கப்புறம் காதை மூடிக்கும்."

"முக்கால் எங்கிருந்து வந்துச்சு?"

"நான் வெச்சதுதானுங்க. ஒண்ணு வெச்சுப் பாத்தேன், மந்தமா இருந்துச்சு. அரை வெச்சேன், பேசறப்பவே நடுவுல பூந்துச்சு. முக்கால்தான் எரிச்சல் இல்லாம இருந்துச்சுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

சபீனா, "நாளைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரட்டுங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு வந்தார். ராசாமணி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவியில் முருகன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கீங்கக்கா?" என்றார் சபீனா.

"எனக்கு..." என்று ஆரம்பித்து ராசாமணி நின்றார். உதடு அடுத்த சொல்லைத் தேடியது.

"நல்லா இருக்காளுங்க. முன்னைக்கு இப்பத் தேவலை," என்றார் வெள்ளிங்கிரி.

"சாப்பிட்டாச்சுங்களாக்கா?"

"ப..."

"பருப்பு சாதமுங்க. ஒரு மணிக்கே வந்து குடுத்துட்டேன்."

ராசாமணி வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிங்கிரியைக் குறை சொல்லிவிட முடியாது. விடியும் முன் எழுந்து சமைப்பார். மனைவிக்குத் தலை பின்னிவிடுவார். மத்தியானம் வேகாத வெயிலில் ஸ்கூட்டரில் வந்து ஊட்டிவிட்டுப் போவார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற பெண்களிடம் அந்தத் தெருவில் அவரைத்தான் காட்டுவார்கள்.

சபீனா ரிமோட்டை எடுத்து ராசாமணியின் இடது கையில் வைத்தார். "என்ன பாக்கணுமோ இதுகிட்டச் சொல்லுங்கக்கா."

ராசாமணி அதை வாய்க்கருகே கொண்டுபோனார். "எனக்கு... அந்த..."

"மன்னிக்கவும், புரியவில்லை," என்றது ரிமோட்.

"முருகன் பாட்டுங்க," என்றார் வெள்ளிங்கிரி.

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

சபீனா டிவியை அணைத்தார். ரிமோட்டைத் திருப்பி, முதுகு மூடியைத் திறந்து, இரண்டு பேட்டரியையும் வெளியே எடுத்தார். அவற்றை வெள்ளிங்கிரியிடம் நீட்டினார்.

"இதைக் கைக்குள்ள வெச்சு இறுக்கி மூடிக்குங்கண்ணா. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது."

"கையைத்தானுங்களே?"

"வாயையும்."

பேட்டரி இல்லாத ரிமோட் ராசாமணியின் மடியில் கிடந்தது. சபீனா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். "சொல்லுங்கக்கா."

பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. ராசாமணி சபீனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சபீனா தலையை ஆட்டவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, உம் கொட்டவில்லை. வெள்ளிங்கிரியின் மூடிய கை வேர்த்தது.

"பாட்டு..." என்றார் ராசாமணி.

நான் சொன்னேன் பார்த்தீர்களா என்பதுபோல வெள்ளிங்கிரி பாதி எழுந்தார். கையில் பேட்டரி உறுத்தியது. உட்கார்ந்துவிட்டார்.

குக்கர் மறுபடி விசில் அடித்தது.

"...வேண்டாம்."

வெள்ளிங்கிரி அசையவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ வந்து, யாரையோ இறக்கிவிட்டு, திரும்பிப் போனது.

"கபடி," என்றார் ராசாமணி.

மூன்று வருஷமாகக் காலையும் மாலையும் அந்த வீட்டில் முருகன் பாட்டுதான். ஒருநாள்கூட வெள்ளிங்கிரி போடத் தவறியதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரமாக நோட்டை எடுத்தார். கை திறந்து பேட்டரி இரண்டும் தரையில் உருண்டன.

"மேடம், அப்போ எத்தனை செகண்ட் வைக்கட்டுங்க? நாளைக்கே மாத்திடறேன். அஞ்சுங்களா? பத்துங்களா?"

சபீனா திரும்பவில்லை. ராசாமணியின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"அவங்க இன்னும் முடிக்கலைங்கண்ணா."