எறிபவர் மேட்டில் ஏறிய கதை

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. பேசித் தீராத வழக்கை ஆடித் தீர்த்துக்கொண்டன. ஒரு கோடையில் காட்டுச் சுனைகள் எல்லாம் வற்றி, ஒன்றில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. அதைக் கரடிகள் வளைத்துக்கொண்டன. தாகத்தில் வாடிய குரங்குகள் யானையிடம் முறையிட்டன.

யானை ஓர் ஆட்டம் வைத்தது. குரங்குகள் மட்டைக்கு எட்டும்படி விளாங்காய் எறிய, மொத்தன் என்ற கரடி மட்டையால் அடிக்கவேண்டும். மூன்று காய்கள் மட்டையில் படாமல் போனால் சுனை இருவருக்கும் பொது. ஒன்று பட்டாலும் குரங்குகள் காட்டைவிட்டுப் போய்விடவேண்டும். எறிபவர் மரத்தில் ஏறக்கூடாது. கால் மண்ணில் இருக்கவேண்டும்.

குரங்குகளில் குறிபார்த்து எறிவதில் செம்பியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவள் குட்டை, அவள் எறியும் காய் நேரே மட்டைக்குத்தான் போகும் என்று ஒதுக்கிவிட்டு, நெட்டையான ஓங்கனை அனுப்பினார்கள். அவன் எறிந்த இரண்டு காய்களும் உயரத்திலிருந்து சரிந்து மட்டைக்கு அடியில் போயின. மூன்றாவதுக்குக் கையைத் தூக்கியபோது தோள் பிசகி, காய் காலடியில் விழுந்தது. நழுவியது கணக்கில்லை, வேறொருவர் எறியலாம் என்றது யானை.

யாரும் முன்வரவில்லை. செம்பி போய்க் காயை எடுத்தாள்.

"இவளா?" என்றான் மொத்தன்.

ஓங்கனின் காயில் மொத்தனை ஏமாற்றியது வேகமல்ல, சரிவு என்பதை அவள் கவனித்திருந்தாள். பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறையான் புற்று இருந்தது. அதில் நாகம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். செம்பி அதன்மேல் ஏறி நின்றாள். மொத்தன் ஆட்சேபித்தான்.

"புற்றும் மண்தானே, ஐயா. என் கால் மண்ணில்தான் இருக்கிறது" என்றாள் அவள்.

யானை யோசித்து, சரி என்று துதிக்கையைத் தூக்கியது. அது இறங்குமுன் எறிந்தாகவேண்டும்.

அப்போது புற்றுக்குள் ஏதோ நகர்ந்தது. நாகம் வெளியே வந்து, குளிர்ச்சியாக, அவள் பாதத்தின்மேல் ஊர்ந்தது. காலை அசைத்தால் உயிர் போகும். கீழே குதித்தால் சுனை போகும். துதிக்கை இறங்கத் தொடங்கியது. பாம்பின் வால் பாதத்தில் கிடக்கும்போதே, இடுப்புக்குக் கீழே அசையாமல், செம்பி கையை வீசினாள்.

காய் சரிந்து இறங்கியது. மொத்தனின் மட்டை காற்றைத்தான் அடித்தது.

நாகம் புதருக்குள் மறைந்த பிறகே செம்பி கீழே இறங்கினாள். ஓங்கன் தன் நல்ல கையால் அவளைப் பிடித்துச் சுனைக்குக் கூட்டிப்போனான். மொத்தன் வழிவிட்டு, முதல் வாய் தண்ணீரை அவளையே குடிக்கச் சொன்னான். இனி எறிபவர் யாரானாலும் பாம்பில்லாத மேடு தானே போட்டுத் தருவதாக யானை சொல்லி, மண்ணைக் குவிக்கத் தொடங்கியது.

அன்று முதல்தான் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து எறிபவர், நெட்டையோ குட்டையோ, மண்மேட்டில் ஏறி நிற்கிறார். எதிரே மட்டை பிடிப்பவரும் அவர் உயரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கிறார்.