முதல் வெட்டு

நிலக்கரி விலை ஏறியதும் சுரங்க முதலாளி ஏகாம்பரத்துக்கு ஆசையும் ஏறியது. கூரை இடிந்து விழாமலிருக்க, பூமிக்கடியில் வெட்டாமல் விட்டிருந்த நிலக்கரித் தூண்களின் மேல் அவர் கண் விழுந்தது.

"அதையும் வெட்டுங்கடா. மறுக்கிறவனுக்கு இங்கே வேலை கிடையாது."

தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்க்க, கூடை சுமக்கும் தங்கையன் மட்டும் கும்பிட்டான். "வெட்டிடலாம் முதலாளி. உங்க கை ராசியான கை. முதல் வெட்டை நீங்கதான் போடணும்."

முதலாளி பூரித்துப்போய், கழுத்தில் மாலையோடு சுரங்கத்துக்குள் இறங்கினார். பிக்காசை ஓங்கியபோது, மேலேயிருந்து ஒரு பிடி மண் அவர் தலையில் உதிர்ந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"கூரை விழுந்துடுமாடா?"

"வெட்டினாத்தானே தெரியும், முதலாளி."

ஏகாம்பரம் பிக்காசை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தூண் இருக்கட்டும்" என்ற அவர் குரல், கூரைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் தாழ்ந்திருந்தது.