அடுப்புப் புகையும் ஆறு நாள் நகரமும்

ரொம்பக் காலத்துக்கு முன்னே தும்பூர் நாட்டை மாறபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவன் வாயைத் திறந்தாலே இன்றைக்கு என்ன வரப்போகிறதோ என்று மந்திரி அம்பலவாணர் பயப்படுவார்.

ஒரு நாள் சபையில் ராஜா சொன்னான்: "நம் தலைநகரம் வெட்கக்கேடாக இருக்கிறது. கிழக்கு வாசலில் தும்மினால் மேற்கு வாசலில் நூறாயுசு என்கிறார்கள். எனக்கு ஒரு நகரம் வேண்டும். ஒரு வாசலில் நுழைந்தவன் மறு வாசலுக்குப் போய்ச் சேர ஆறு நாள் நடக்க வேண்டும்."

அம்பலவாணர் திகைத்துப்போனார். ஆறு நாள் நடை என்றால் முந்நூறு கிராமம் அதற்குள் போய்விடும். வயலும் குளமும் களமும் வீதியாகிவிடும். இப்படி ஒரு யோசனை ராஜாவின் தலையில் தானாக முளைத்திருக்காதே என்று பக்கத்தில் பார்த்தார். அரண்மனைக் கட்டடத் தலைவர் வச்சிரவேலர் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். மந்திரி பதவி மேல் அந்த மனிதருக்குப் பத்து வருஷமாகக் கண்.

"கட்டுவது என் பொறுப்பு, மகாராஜா," என்றார் வச்சிரவேலர். "அதை ஆண்டு நடத்த மந்திரியால் முடியுமோ என்னவோ. முடியாதென்றால் முத்திரை மோதிரத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் காசிக்குப் போகட்டும்."

"வீடு கட்டுவதற்கே முதலில் கயிறு பிடித்து அளந்து பார்க்கிறோம்," என்றார் அம்பலவாணர். "நகரத்துக்கும் கயிறு பிடிப்போம். நாலு திசையிலும் கொடி நட்டு, அதுதான் வாசல் என்று வைத்துக்கொண்டு மகாராஜா ஒரே ஒரு நாள் ஆண்டு பார்க்கட்டும். சரியாக வந்தால் செங்கல் சுடலாம்."

"ஒரு நாள் என்ன, ஒரு வருஷம் ஆள்கிறேன்," என்றான் ராஜா.

தும்பூரில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் நாலு வாசல் காவலர்களும் அரண்மனைக்கு நடந்தே வருவார்கள். வழியில் ஒவ்வொரு கூரையாகப் பார்ப்பார்கள். "எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் அடுப்புப் புகையுது, கண்ணால பார்த்தேன்" என்று நாலு பேரும் சொன்ன பிறகுதான் ராஜா இலையில் கை வைக்கலாம். ராஜா சாப்பிட்ட பிறகுதான் மந்திரிக்குச் சாப்பாடு. முடிசூட்டு நாளில் வாளைத் தொட்டுச் செய்கிற சத்தியம் இது. பழைய ஊரில் காவலர்கள் வந்து சேர ஒரு ஈடு இட்லி வேகும் நேரம்கூட ஆகாது. அதனால் அப்படி ஒரு சத்தியம் இருப்பதையே ராஜா மறந்திருந்தான்.

கயிறு பிடித்தார்கள், கொடி நட்டார்கள், காவலர்களும் கொடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குறித்த நாள் விடிந்ததும் ராஜா குளித்துவிட்டு இலை முன் உட்கார்ந்தான். பொங்கலில் ஆவி பறந்தது. ஒருவரும் வரவில்லை.

"எங்கே வாசல்காரர்கள்?"

"வந்துகொண்டே இருக்கிறார்கள், மகாராஜா. வாசலிலிருந்து அரண்மனைக்கு மூன்று நாள் நடை," என்றார் அம்பலவாணர்.

ராஜாவுக்கு அப்போதுதான் சத்தியம் ஞாபகம் வந்தது. "குதிரையில் வரச் சொல்லும்."

"குதிரையில் பறந்தால் ஒவ்வொரு கூரையாகப் பார்ப்பது எப்படி? பார்க்காமல் பார்த்தேன் என்பது எப்படி?"

மாலைக்குள் ராஜா இறங்கி வந்துவிடுவான் என்று அம்பலவாணர் நினைத்திருந்தார். அவனோ வீம்புக்காரன். தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே கதைதான். அம்பலவாணருக்குக் கண் இருட்டியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று தன்னையே வைதுகொண்டார்.

நாலாம் நாள் காலை வச்சிரவேலர் எழுந்தார். "ஒரு வார்த்தைக்காகவா மகாராஜா பட்டினி கிடப்பது? நானே சொல்கிறேன். நாலு பக்கமும் எல்லா வீட்டிலும் அடுப்புப் புகைகிறது. கண்ணால் பார்த்தேன்."

பொய் என்று சபைக்கே தெரியும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், ராஜாவுக்கு மட்டும் பறக்காதா? ஒரு கவளத்தை எடுத்துவிட்டான். அந்த நேரம் கிழக்கு வாசல் காவலன் பேச்சிமுத்து கொப்புளக் காலோடு உள்ளே வந்து விழுந்தான்.

"சாப்பிடாதீங்க சாமி. இங்கருந்து அரை நாள் நடையில கருவேலம்பட்டின்னு ஒரு ஊரு. நாப்பது வீடு. நாலு நாளா ஒரு அடுப்பும் புகையல."

"ஏன்?"

"கட்டடத் தலைவரோட ஆளுங்க வந்து, இங்கதான் ராசா வீதி வருதுன்னு வீட்டையும் அடுப்பையும் இடிச்சுப் போட்டுட்டாங்க. சனமெல்லாம் பிள்ளைகுட்டியோட புளியமரத்தடியில கிடக்கு."

கவளம் ராஜாவின் கையிலிருந்து நழுவி விழுந்தது. அம்பலவாணர் கயிறு பிடிக்கத்தான் சொன்னார். ராஜாவின் பிடிவாதத்தை அடக்கத் தான் போட்ட விளையாட்டு, நாற்பது வீட்டு வயிற்றில் அடித்திருக்கிறது என்று நினைக்கவே அவருக்குத் தாங்கவில்லை.

"கண்ணால் பார்த்தேன் என்றீரே," என்றான் ராஜா.

"நகரம் பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று..." என இழுத்தார் வச்சிரவேலர்.

சத்தியப்படி, அடுப்புப் புகையாத வீட்டுக்குத்தான் அரண்மனைச் சோறு முதலில் போக வேண்டும். ராஜா அண்டாக்களை வண்டியில் ஏற்றச் சொன்னான். அரிசி மூட்டையை வச்சிரவேலர் தலையில் ஏற்றினான். தானும் மந்திரியும் மோரைக் குடித்துவிட்டு வெயிலில் நடந்தார்கள்.

கருவேலம்பட்டியில் சுவர் எல்லாம் மண்ணாகக் கிடந்தது. "நாற்பது அடுப்பையும் உம் கையாலேயே மண் குழைத்துப் போடும்," என்றான் ராஜா வச்சிரவேலரிடம். "வீடுகளை உம் சொத்தை விற்றுக் கட்டும். கட்டடத் தலைவர் பட்டம் இந்த நிமிஷத்தோடு சரி." பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் கழுத்தில் போடப் போனான்.

"வேண்டாம், மகாராஜா. கயிறு பிடிக்கச் சொன்னதே நான்தான்."

"நீர் பிடிக்காவிட்டால் முந்நூறு ஊரை இடித்திருப்பேன். இடித்தது எனக்குத் தெரிந்தேயிருக்காது." மாலையைப் போட்டுவிட்டு, கரண்டியை எடுத்துத் தானே பந்தி பரிமாறினான்.

கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி இலையைத் தொடாமல் அவனையே ஏற இறங்கப் பார்த்தாள். "யாருய்யா நீ? இந்தப் பக்கம் பார்த்ததில்லையே."

"நான்தான் அம்மா, ராஜா."

"எந்த ஊருக்கு?"

அரண்மனையிலிருந்து அரை நாள் நடைதான். ராஜா குனிந்து அவள் இலையில் சோற்றை வைத்து, "இனிமேல்தான் அம்மா, இந்த ஊருக்கு," என்றான். பொழுது சாய்வதற்குள் நாலு திசைக் கயிற்றையும் சுருட்டச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்கள்.