மடத்து வாசல் பெட்டி

போன கார்த்திகை தீபத்தன்று, அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே நாகரத்தினம் அக்கா எனக்குச் சொன்னது இது.

பவானி ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்த குருவம்மாவுக்கு வயது நாற்பதுகூட இருக்காது. அவரிடம் உபதேசம் வாங்கிய மனோன்மணியோ பேரன் பேத்தி எடுத்தவள்.

கெட்டுப்போன போன், ரேடியோ, சார்ஜர் எல்லாம் சேர்க்க மடத்து வாசலில் ஒரு மரப்பெட்டி. பொறுப்பு மனோன்மணிக்கு. குப்பையோடு போனால் ஆற்றோரம் கொட்டிக் கொளுத்திவிடுவார்கள். அந்தப் புகையில் அக்கரைப் பிள்ளைகள் இருமிக்கொண்டு கிடந்தார்கள். பெட்டியில் சேர்ந்தால், முறையாகப் பிரித்தெடுக்கிற ஆலைக்கு வெள்ளிக்கிழமை வண்டி கொண்டுபோகும்.

வியாழன் சாயங்காலம் பெட்டிக்குள் ஒரே ஒரு டார்ச் லைட் கிடந்தது.

"ஊருக்கே மனசில்லீங்கம்மா," என்று பொரிந்தாள் மனோன்மணி. "வீட்டுக்கு வீடு அலமாரியில செத்துக் கெடக்குது. ஒருத்தி, கல்யாணத்துக்கு வந்த சீருங்கறா. இன்னொருத்தர், ரிப்பேர் பண்ணிக்கலாமுங்கறார். மத்தவங்க குடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாமுங்கறாங்க பாதிப் பேர்."

"நீங்க என்ன போட்டீங்க, அக்கா?"

அரிசி டிரம்முக்குப் பின்னால் பழைய சேலையில் சுற்றி ஒளித்த டேப், அதாவது மகன் அனுப்பிய அந்தப் பலகை மாதிரிப் பெரிய போன், மனோன்மணியின் கண்முன் வந்து நின்றது.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்கம்மா."

சொன்ன வாய் கசந்தது. குருவின் முன்னால் நின்று பொய்.

குருவம்மா எழுந்தார். உள்ளே போய், நொறுங்கிய போன் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"கீழ விழுந்துடுச்சுங்களா?"

"இல்லீங்கக்கா. கோபத்துல நான் சுவத்துல விட்டெறிஞ்சது. பொறுமையைப் பத்திப் பேசற வாயாச்சே, பீரோவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன்."

பெட்டியின் மூடிமேல், வருகிறவர் கண்ணில் படும்படி அதை வைத்தார்.

"ஊர் பார்க்குமுங்கம்மா!"

"பார்க்கட்டும்."

மனோன்மணி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். திரும்பி வந்து, சேலைச் சுருளோடு டேப்பைப் பெட்டியின் அடியில் செருகப் போனாள். பின்னால் குருவம்மா நின்றிருந்தார்.

"பையன் துபாயிலிருந்து அனுப்பினதுங்கம்மா. மாவாட்டையில கிரைண்டர் ஓரமா வெச்சுப் பஜனை கேட்டேன், மாவுக்குள்ள விழுந்துடுச்சு. வாராவாரம் கேக்கறான். நல்லாப் பாடுது கண்ணுன்னு சொல்லிட்டிருக்கேன்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "மேல வெச்சா நாளைக்கே அவன் காதுக்குப் போயிருமுங்கம்மா."

குருவம்மா சேலையை மெல்லப் பிரித்தார். இடுக்கிலெல்லாம் மாவு காய்ந்திருந்தது.

"என்னோடது பக்கத்துல வைங்க, அக்கா. தனியாக் கெடக்க அதுக்கும் வெக்கமா இருக்குது."

இவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டிலும் டிரம்முக்குப் பின்னால் ஏதாவது இருந்தால், இன்றைக்கு அதை எடுத்து வாசலில் வையுங்கள்.