உள்ளே தாழிட்ட கதவு

ஒரு முகத்துவாரத்து ஊரில் நூகு தம்பி என்றொரு வழிகாட்டி. ஆற்றுவாயில் மணல்மேடு அடிக்கடி இடம் மாறும். இன்றைக்கு அது எங்கே கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். தோணி வந்தால் தலைப்பாகையைக் கழற்றிக் கழியில் கட்டி, கரையில் நின்று அசைப்பார். துணி போகிற பக்கம் தோணி திரும்பும்.

ஐம்பது வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. தான் என்பதே இல்லாமல் இறைவனில் கரைந்துவிட வேண்டும். பள்ளிவாசலை ஒட்டிய அறையில் நாற்பது நாள் தனித்தவம் உட்கார்ந்தார். தன் குருவான ஷெய்குவிடம் அனுமதி கேட்கவில்லை. ஷெய்கு உதுமான் லெப்பை பாட்டுக் கட்டுகிறவர். கரைகிறேன் என்று மூலையில் ஒதுங்குகிறவர்களைப் பாட்டிலேயே கேலி செய்கிறவர். அப்போது வெளியூர் போயிருந்தார்.

நாற்பதாம் நாள் கதவைத் திறந்தால், ஷெய்கு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன கிடைத்தது நூகு?"

"நூகு இல்லாமல் போய்விட்டான் ஹஜ்ரத். 'நான்' என்கிற சொல்லே நாக்கில் வரவில்லை."

"சோறு?"

"தினமும் வந்தது. தின்றேன்."

"அப்போது மட்டும் இருந்தீராக்கும்."

நூகு தம்பி தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"முப்பதாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு யாரோ தட்டினார்களாமே?"

"சபூரா, ஹஜ்ரத். காசிம் பெண்சாதி. 'நூகு காக்கா, அவுக தோணி மேட்டுக்கு நேரா வருது, வந்து துணியைக் காட்டுங்க காக்கா'ன்னு..."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போக அங்கே யாரும் இல்லை என்று..."

"கதவை உள்ளே தாழிட்டிருந்தது யார்?"

பத்து நாளாய் அடக்கி வைத்திருந்ததை நூகு தம்பி அப்போதுதான் கேட்டார். "தோணி கரை சேர்ந்ததா?"

ஷெய்கு எழுந்து நடந்தார். இவர் பின்னால் போனார்.

தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "கரைஞ்சு போன ஆளுக்கு நெழல் மட்டும் மிச்சம் போல!" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை.

காசிம் வீட்டு வாசலில் வெள்ளைத் திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் கதவு சாத்தியிருந்தது. கணவன் இறந்துபோனால் நாலு மாதம் பத்து நாள் பெண் வீட்டுக்குள்ளேயே இருப்பாள். அந்நிய ஆண் யாரும் அவள் முகம் பார்க்கக் கூடாது.

நூகு தம்பி ஓரடி பின்னால் வைத்தார்.

"போய்விடுகிறேன் ஹஜ்ரத்."

"உம்முடைய நாற்பது முடிந்துவிட்டது. அவளுக்கு இன்றோடு பத்துதான். தட்டும்."

தட்டினார். அவர் காதுக்கே கேட்காத தட்டு. திரும்பத் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளிருந்து சபூராவின் குரல்.

அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். உதடு அசைந்தது. ஷெய்குவைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கள்" என்றார், கெஞ்சுவதுபோல.

"என் கதவையா அவள் அன்றைக்குத் தட்டினாள்?"

"யாரு அது?"

ஷெய்கு குரலைத் தாழ்த்தினார்.

"நாக்கில் வரவில்லை என்றீரே நூகு, அந்தச் சொல்லை இங்கேதான் சொல்ல வேண்டும்."